மந்திரவாதியின் மூட்டை

ஆளுக்கொரு வேடம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் மாயக்கதை விளையாட்டு அது. தணிகாசலம் மந்திரவாதி. புதிதாக வந்த ஜெசிந்தா அவருக்குச் சுமையாள். அளவுக்கு மேல் தூக்கினால் விழுவாள். அதோடு அவள் ஆட்டம் போச்சு.

கோல், மந்திரப் புத்தகம், மருந்துக் குப்பிகள் எல்லாம் அவள்மேல் ஏற்றியாயிற்று. “மருந்து காய்ச்சுற கொப்பரையையும் தூக்கு” என்றார் தணிகாசலம்.

“தாங்காது சார்.”

“கழுதையாக்கிடுவேன்!”

“ஆக்குங்க சார். கழுதைன்னா நிறைய சுமக்கும்.”

கடுப்பில் பகடையை உருட்டினார். மந்திரம் பலித்துவிட்டது. கழுதைமேல் கொப்பரையும் ஏறியது.

அடுத்த வளைவில் பூதம் நின்றது.

“புத்தகத்தைக் கொடும்மா, சீக்கிரம்!”

“கழுதைக்குப் பேச்சு புரியாது சார்” என்றாள் ஜெசிந்தா.

“நியாயம்தான்” என்றார் ஆட்டத்தை நடத்தும் நடுவர். “பூதத்தைக் கண்ட கழுதை என்ன செய்யும்?”

“ஓடும்.”

மூட்டையோடு ஓடியது. மந்திரவாதியிடம் மிச்சம் இருந்தது தாடி மட்டும்தான். பூதம் அதையும் விடவில்லை.