ஏரிக்குள் ஒரு புள்ளி

"டீச்சர், அழிஞ்சுபோன புள்ளியைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?"

வந்ததும் வராததுமாக வேதமாணிக்கம் கேட்டது இதைத்தான்.

அவர் ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுப்பவர். ரஹீமா பக்கத்து ஊர்ப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை, வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். ஆனால் கணினி வரைபடத்தை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று அந்த வட்டாரத்து ஆசிரியர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தது ரஹீமாதான். "இதுல எனக்கு குரு ரஹீமா டீச்சர்" என்று வேதமாணிக்கம் வெட்கப்படாமல் சொல்லிக்கொள்வார்.

அவர் வெட்கப்படாமல் இருந்த விஷயங்கள் இன்னும் சில உண்டு. அதற்குத்தான் வருகிறேன்.

"எந்தப் புள்ளி சார்?"

ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டைத் தேடிப் பிடித்து, அதன்மேல் ஒரு சிவப்புப் புள்ளி வைத்துப் பெயர் எழுத வேண்டும். அப்புறம் எந்தப் பாடமானாலும் அவரவர் வீட்டிலிருந்துதான் தொடங்கும். இது ரஹீமா ஏற்படுத்திய வழக்கம். வேதமாணிக்கத்தின் வகுப்பில் எல்லாரும் வைத்திருந்தார்கள். இப்போது ஒன்றைக் காணோம். பூவிழி என்ற பெண்ணுடையது.

"அவளே அழிச்சிட்டாளா?"

"அப்படித்தான் தெரியுது."

"அவகிட்டயே கேக்கலாமே."

"ஸ்கூலுக்கு வரலை டீச்சர். ஒரு வாரமாச்சு. துணிக்கடையில வேலைக்குச் சேக்கப் போறாங்கன்னு பிள்ளைங்க சொல்லுது."

முதலில் சொல்லியிருக்க வேண்டியதைக் கடைசியில் சொன்னார்.

ரஹீமா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினார். அன்றைக்கு என்ன நடத்தினீர்களோ அதை எனக்கு அப்படியே நடத்திக் காட்டுங்கள் என்றார்.

வேதமாணிக்கத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. நல்ல பாடம்தான், அதில் குறை சொல்ல முடியாது. திரைக்கு அடியில் ஒரு பட்டை இருக்கிறது. அதை இடப்பக்கம் இழுத்தால் ஆண்டுகள் பின்னால் போகும். வீடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும், ஏரி விரியும். ஐப்பசி மழைக்கு ஏன் சில தெருக்களில் மட்டும் முழங்கால் தண்ணீர் நிற்கிறது? வரலாறும் அறிவியலும் சேர்ந்து பதில் சொல்லும். தண்ணீர் பள்ளத்துக்குப் போகிறது. அந்தப் பள்ளம் ஒரு காலத்தில் ஏரி. அதில் வீடு கட்டிவிட்டார்கள். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்களாம்.

பட்டையை இழுத்து முடித்தபோது எல்லாப் புள்ளிகளும் கரையில் நின்றனவாம். பூவிழியின் புள்ளி மட்டும் நீலத்துக்குள்.

"அப்ப என்ன சொன்னீங்க?"

"சும்மா, ஒரு தமாஷுக்கு..."

"என்ன சொன்னீங்க சார்?"

"ஏரியை முழுங்கினது யாருன்னு இப்பத் தெரியுதான்னு கேட்டேன்."

வகுப்பே சிரித்திருக்கிறது. இவரும் சேர்ந்து சிரித்திருக்கிறார். மறுநாள் அந்தப் பெண்ணுக்கு ஏரித் திருடி என்று பெயர். அவள் குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனால்கூட, மிச்சம் வைக்க மாட்டாள், முந்திக்கோ என்று கத்தினார்கள். அதற்கப்புறம் புள்ளி போயிற்று. புள்ளிக்குப் பின்னால் அவளும் போய்விட்டாள்.

ரஹீமா திரைக்கு அடியில் இருந்த பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஏன் தொண்ணூறோட நிக்குது?"

"எது டீச்சர்?"

"நான் குடுத்த பழைய படம் அறுபதுலேர்ந்து இருக்கு. நீங்க தொண்ணூறுலேர்ந்துதான் ஆரம்பிச்சிருக்கீங்க."

"அந்தப் பழைய படம் தெளிவா இல்ல. பிள்ளைங்களுக்குப் புரியாதுன்னு விட்டுட்டேன்."

ரஹீமா பட்டையின் தொடக்கத்தை அறுபதுக்கு மாற்றிவிட்டு மவுஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இழுங்க."

இழுத்தார். படம் தெளிவாகத்தான் இருந்தது. ஏரி மேற்கே இன்னும் பரந்து ரயில் பாதை வரைக்கும் போயிற்று.

"இப்ப உங்க வீட்டுக்கு ஒரு புள்ளி வைங்க."

"எனக்கு எதுக்கு டீச்சர்? அது பிள்ளைங்களுக்குத்தானே."

"வைங்க சார்."

வேதமாணிக்கத்தின் வீடு இருப்பது லேக் வியூ நகரில். எண்பதுகளில் முறையாக அனுமதி வாங்கிப் போட்ட மனைகள். அகலமான தெரு, பூங்கா, எல்லாம் உண்டு. அங்கே குடியிருக்கிறவர்களை யாரும் எதையும் முழுங்கினவர்கள் என்று சொன்னதில்லை.

வைத்தார். புள்ளி ஏரியின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. பூவிழியின் வீட்டுக்காவது கரை பக்கத்தில் இருந்தது.

காது மடலெல்லாம் சுட்டது அவருக்கு. ஐம்பதை நெருங்கும் மனிதர், தலையைத் தூக்க முடியாமல் மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து போகவும் கூச்சமாக இருந்தது, இருக்கவும் கூச்சமாக இருந்தது.

"அந்தப் பொண்ணோட புள்ளியை எப்படி டீச்சர் திரும்ப வைக்கிறது?" என்று மறுபடியும் கேட்டார். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

ரஹீமா மடிக்கணினியை மூடினார்.

"இதுல அதுக்கு வழி இல்ல சார். அவ வீட்டுக்குப் போங்க."

போனார்.

வாசலில் நின்ற மழைத் தண்ணீரில் காலை விட்டுத்தான் போக வேண்டியிருந்தது. கதவைத் திறந்த அம்மாக்காரி, வாங்க என்று சொல்லவில்லை. நம் பக்கத்தில் பகையாளி வந்து நின்றால்கூட அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவார்கள். பூவிழி அவளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

வேதமாணிக்கம் வாசலில் நின்றபடியே பேசினார். என் வீடும் ஏரிக்குள்தான் இருக்கிறது, உன் வீட்டைவிட ஆழத்தில் இருக்கிறது. நான் சொன்னது தப்பு. நாளைக்கு எல்லாரும் பார்க்க என் பேரைப் போட்டுப் புள்ளி வைக்கப் போகிறேன். படிப்பை விட்டுவிடாதே, வந்துவிடு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த பேச்சு அது. தட்டுத்தடுமாறாமல் வந்தது. சொல்லி முடித்தபோது மனம் கொஞ்சம் லேசானதுபோலக்கூட இருந்தது.

பூவிழி முழுக்கக் கேட்டுக்கொண்டாள்.

"அன்னிக்குப் பாடம் நடத்தும்போதே இது உங்களுக்குத் தெரியுமா சார்?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ரஹீமாகூட இதைக் கேட்கவில்லை. பட்டையைத் தொண்ணூறில் நிறுத்தியபோது அந்த அறையில் அவரைத் தவிர ஒருவரும் இல்லை.

"தெரியும்மா."

குரல் எழும்பவில்லை. இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாக்காரி அப்போதுதான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதையும் நாளைக்கு வகுப்புல சொல்லுங்க சார்," என்றாள் பூவிழி. "நான் வந்து கேக்கறேன்."