மூன்றாம் பட்டை கேட்ட சட்டை

சட்டைகளே காவல் காத்த ஊர் ஒன்று முன்பு இருந்தது. உள்ளே ஆள் என்று யாரும் கிடையாது. காக்கிச் சட்டைகள் காலையில் தாமாகவே பட்டன் போட்டுக்கொண்டு கிளம்பும், முச்சந்தியில் நிற்கும், கூட்டத்தை விலக்கும், பெரிய சட்டையைக் கண்டால் விறைத்து சல்யூட் அடிக்கும். இந்தச் சட்டை எப்படிப்பட்டது என்று அங்கே ஒருவரும் கேட்டதில்லை. கையில் எத்தனை பட்டை, தோளில் எத்தனை நட்சத்திரம், அவ்வளவுதான் கேள்வி. எங்கள் ஊரிலும் அப்படித்தானே என்று உங்களுக்குத் தோன்றினால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அந்த ஊரின் மேற்குக் காவல் நிலையத்தில் மாசிலாமணி என்றொரு சட்டை வேலை பார்த்தது. கையில் இரண்டு பட்டை. மூன்றாவது பட்டை வந்துவிட்டால் 'ஏட்டையா' என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். அந்த ஒரு பட்டைக்காக அது பதினாறு வருஷமாக வெளுத்துக்கொண்டிருந்தது.

ஒரு புதன்கிழமை, காலை பத்து மணி இருக்கும். சந்தைக்குப் பின்னால் இருந்த பாலர் பள்ளியில் தீப்பிடித்துக்கொண்டது. இன்ஸ்பெக்டர் ராஜமன்னாரும் ஏழு சட்டைகளும் ஜீப்பில் வந்து இறங்கின. உள்ளே பதினோரு குட்டிக் கவுன்கள் மாட்டிக்கொண்டு அழுதன. தீயணைப்பு வண்டியோ ரயில்வே கேட்டைத் தாண்ட முடியாமல் நின்றுகொண்டிருந்தது.

"யாரும் ரொம்பக் கிட்டப் போகாதீங்கப்பா" என்றது ராஜமன்னார். அது நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். தானும் கிட்டப் போகவில்லை.

மாசிலாமணி போனது. பக்கத்தில் நின்ற பெரியநாயகம் என்ற மூத்த சட்டை அதன் கீழ் ஓரத்தைப் பிடித்து இழுத்து, "மாசி, வேண்டாம்டா" என்றது. மாசிலாமணி உதறிக்கொண்டு போய்விட்டது. மும்மூன்றாக மூன்று தடவை கவுன்களைத் தூக்கிக்கொண்டு வந்தது. மிச்சம் இரண்டுக்காக நாலாவது தடவை போனபோது இடது கை பற்றிக்கொண்டது. முழங்கை வரை கருகி, புகை நாற்றத்தோடு வெளியே வந்து விழுந்தது. பதினோரு கவுன்களில் ஒன்றுக்குக்கூட ஒரு நூல் பிரியவில்லை.

மத்தியானம் மாவட்டத்துப் பெரிய சட்டை பார்வையிட வந்தது. தோளெல்லாம் மின்னியது.

"உள்ளே போனது யாருப்பா?"

மாசிலாமணி கருகிய கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு விறைத்து நின்றது. பக்கத்திலேயே ராஜமன்னார் நின்றது. காக்கிக்கு 'நான்' என்று சொல்லிப் பழக்கமில்லை. மேலதிகாரி பக்கத்தில் இருக்கும்போது 'நான்' என்றால் அது ஏதோ கெட்ட வார்த்தை போல வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

"ராஜமன்னார் ஐயா உத்தரவுப்படி எல்லாருமா உள்ளே போனோம், ஐயா."

நிலையத்து ரைட்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டது. மாசிலாமணி அதன் கீழே கையெழுத்தும் போட்டது.

அன்று சாயங்காலமே அது தையல்கடைக்கு ஓடியது. வெள்ளிக்கிழமை உடைச் சோதனையோடு கவாத்து அணிவகுப்பு இருந்தது. அங்கிருந்த ஊசி, கருகிய கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இதை இப்பவே வெட்டணுமா? நாலு பேர் பார்க்கட்டுமே."

"பார்த்தா மெமோதான் வரும். உடை சரியில்லைன்னு எழுதிருவாங்க. நீ வெட்டித் தைச்சிரு."

ஊசி பெருமூச்சு விட்டுவிட்டு, கருகிய துணியை வெட்டிக் குப்பையில் போட்டது. புதுத் துணியை வைத்து, எங்கே வெட்டினோம் என்று தனக்கே தெரியாதபடி தைத்துக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை கவாத்துப் பதிவேட்டில் மாசிலாமணியின் பெயருக்கு எதிரே 'உடை: நன்று' என்று எழுதினார்கள். மாசிலாமணிக்கு அதில் ஒரு சந்தோஷம் வேறு.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. பாலர் பள்ளித் தீயில் காட்டிய வீரத்துக்காக, ராஜமன்னாருக்கு வரிசையைப் பார்க்காமல் பதவி உயர்வு. தோளில் புது நட்சத்திரம். 'குழுவினர்' அனைவருக்கும் ஆளுக்கொரு பாராட்டுச் சான்று.

மாசிலாமணி அந்தச் சான்றை மூன்று முறை படித்தது. தன் பெயரைத் தேடியது. 'குழுவினர்' என்ற சொல்லுக்குள் எங்கேயோ இருந்தது. அப்போதுதான் அதற்கு வயிறு எரிந்தது. தீயில் எரிந்ததைவிட அதிகமாகவே எரிந்தது.

விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தது. 'தன் உயிரைப் பொருட்படுத்தாமல், கடமைக்கும் மேலான துணிச்சல் காட்டும் சட்டைக்கு, வரிசையைப் பாராமல் அடுத்த பட்டை வழங்கப்படும்' என்று தெளிவாக இருந்தது. எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனது.

அங்கே ஒரு மர அலமாரியில் முதுநிலை நாடா சுருண்டு படுத்திருந்தது. ஊரிலுள்ள எல்லாக் காக்கிச் சட்டைகளின் பெயரும் சேர்ந்த தேதி வாரியாக அதன் மேல் எழுதப்பட்டிருக்கும். பட்டை யாருக்கு என்று அதைக் கேட்காமல் யாரும் தைக்க முடியாது.

"உன் இடம் இன்னும் வரலையேப்பா" என்றது நாடா, கொஞ்சமாகப் பிரிந்து பார்த்துவிட்டு.

"வரிசையைப் பார்க்க வேண்டாம்னு விதியிலேயே இருக்குங்க."

"இருக்கு. ஆனா உன்னை எடுத்து முன்னால வச்சா பின்னால தள்ளப்படறவனை யாரு சமாதானம் பண்றது? நான் யாருக்கும் வேண்டியவன் இல்லை, வேண்டாதவனும் இல்லை. சிபாரிசு பண்ணினா கேக்க மாட்டேன். மிரட்டினாலும் கேக்க மாட்டேன். என்னை ஒரு தடவை கத்தரிச்சா அப்புறம் ஆளாளுக்குக் கத்தரிக்கோலோட வருவாங்க."

அதில் நியாயம் இல்லை என்று மாசிலாமணியால் சொல்ல முடியவில்லை.

"ராஜமன்னார் ஐயாவுக்கு மட்டும் கத்தரிச்சீங்களே?"

நாடா சுருண்டுகொண்டது. நாடாக்களுக்குச் சில கேள்விகள் காதில் விழுவதில்லை.

பதினைந்து நாளில் 'பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு வரியில் பதில் வந்தது. மாசிலாமணி நீதிமன்றத்துக்குப் போய் வழக்குப் போட்டது.

பட்டையை இழக்கப் போகிறவரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தால்தான் வழக்கை எடுப்பார்கள். அந்த வருஷம் காலியாக இருந்தது ஒரே ஒரு மூன்றாம் பட்டை. நாடாவில் அடுத்த பெயர் பெரியநாயகம். சம்மன் போன மறுநாள் இரண்டு சட்டைகளுக்கும் வங்கி வாசலில் ஒரே காவல்.

"என்னையும் கோர்ட்டுக்கு இழுத்துட்டியா, மாசி?"

"வக்கீல் சேர்க்கச் சொன்னாருண்ணே. உங்க மேல எனக்கு ஒண்ணுமில்லை."

"எனக்கு வர்ற தையில ரிட்டையர்மெண்ட். இருபத்தொம்பது வருஷம் வரிசையில நின்னேன். கொஞ்ச நாளாவது ஏட்டையான்னு கூப்பிடட்டும்னு பார்த்தேன். என் பொண்ணு கல்யாணப் பத்திரிகையில போட ஆசை." பெரியநாயகம் காலரைச் சரிசெய்துகொண்டது. "நீ கெட்டிக்காரன்டா. இல்லேங்கல. ஆனா வரிசையில நிக்கறதும் ஒரு வேலைதான்."

மாசிலாமணி வழக்கைத் திரும்ப வாங்கிவிடலாமா என்று அன்று முழுக்க யோசித்தது. பட்டை போனால் போகட்டும். ஆனால் அந்த நாலு தடவை? அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடுமே. அதை மட்டும் அதனால் பொறுக்க முடியவில்லை.

விசாரணை நாள் வந்தது. மேலே நீதிபதி அங்கி உட்கார்ந்திருந்தது. மாசிலாமணிக்காக வந்தது முழங்கை வெளுத்துப்போன பழைய கறுப்புக் கோட்டு. அரசுக்காக வந்தது புதுக் கோட்டு, மடிப்புகூடக் கலையவில்லை. அதன் பின்னால் எதிர்மனுதாரர் வரிசையில் கடைசி ஆளாகப் பெரியநாயகம் உட்கார்ந்திருந்தது.

புதுக் கோட்டு எழுந்தது. "கனம் நீதிபதி அவர்களே, மனுதாரர் தான் மட்டும் தீக்குள் போனதாகச் சொல்கிறார். 'எல்லாருமா உள்ளே போனோம்.' இது அவரே கையெழுத்துப் போட்ட வாக்குமூலம். கை கருகியதாம். இரண்டு நாள் கழித்து நடந்த கவாத்தில் 'உடை: நன்று' என்று பதிவாகியிருக்கிறது. கருகிய கை எங்கே?"

மாசிலாமணி தன் இடது கையைப் பார்த்துக்கொண்டது. ஊசி அவ்வளவு நன்றாகத் தைத்திருக்க வேண்டாம்.

"அப்படியே போயிருந்தாலும்," என்றது புதுக் கோட்டு, "அது கடமை. அந்த இடத்தில் எந்தக் காக்கிச் சட்டை இருந்தாலும் அதைத்தான் செய்யும். கடமையைச் செய்ததற்கெல்லாம் பட்டை தைத்தால் துணிக்கு எங்கே போவது?"

நீதிமன்றத்தில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி அங்கி சிரிக்கவில்லை.

"உள்ளே போறது கடமைன்னா, போகாம நின்னவங்க கடமை தவறினவங்க. அவங்கள்ல யாருக்காவது மெமோ கொடுத்திருக்கீங்களா?"

"யாரும் நிற்கவில்லை, ஐயா. எல்லோரும் போனார்கள். ஆவணம் அப்படித்தான் சொல்கிறது."

நீதிபதி அங்கி மாசிலாமணியைக் கூண்டுக்கு அழைத்தது.

"நீங்க மட்டும்தான் போனீங்களா?"

"ஆமாங்க ஐயா."

"அப்ப மத்தவங்க வெளியே நின்னாங்க. யார் யார் நின்னதுன்னு பேரைச் சொல்லுங்க. பதிவு பண்ணிக்கறேன்."

பழைய கோட்டு கண்ணைக் காட்டியது. சொல்லு, சொல்லு, ஜெயித்துவிடலாம். மாசிலாமணியின் வாய் வரை பெயர்கள் வந்தன. இன்றைக்குப் பதிவானால் நாளைக்கே அத்தனை பேருக்கும் மெமோ போகும். கடமை தவறியதாக விசாரணை நடக்கும். தையில் ஓய்வுபெற வேண்டிய சட்டைக்கு ஓய்வு உத்தரவுகூட நின்றுபோகும். ஒரு பட்டைக்காக அத்தனை பேரையும் கிழிக்க வேண்டுமா என்று அது நினைத்தது.

"சொல்ல முடியாதுங்க ஐயா."

"சொல்லாம உங்க வழக்கு நிக்காது."

"தெரியுதுங்க. அவங்க நின்னது தப்பில்லைங்க ஐயா. உள்ளே போகணும்னு யாரும் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயம் இல்லாததைச் செஞ்சேன், அதை ஒரு வரி எழுதுங்கன்னுதான் கேக்கறேன். அவங்களைத் தப்பாக்கித்தான் நான் செஞ்சது நல்லதாகணும்னா, எனக்கு அந்தப் பட்டை வேண்டாம்."

பழைய கோட்டு தலையில் கை வைத்துக்கொண்டது. நீதிபதி அங்கிக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் வருத்தத்தைத் தீர்ப்பில் எழுத முடியாது. முன்னால் இருந்த வழக்குக் காகிதக் கட்டை மூடி, அதன் கயிற்றைச் சுற்ற ஆரம்பித்தது.

அப்போது எதிர்மனுதாரர் வரிசையின் கடைசியில் ஒரு சட்டை எழுந்து நின்றது.

"ஐயா, நான் நாலாவது எதிர்மனுதாரர். பெரியநாயகம். ஒண்ணு சொல்லணும்."

புதுக் கோட்டு திரும்பி அதன் கையைப் பிடித்து, உட்காரும்படி இழுத்தது. "யோவ், வழக்கு நம்ம பக்கம் முடியப்போகுது. பட்டை உனக்குத்தான்யா."

பெரியநாயகம் உட்காரவில்லை. நல்ல துணி அது. இழுத்த இழுப்புக்கு வரவில்லை.

"நான் வெளியிலதான் நின்னேன், ஐயா. உள்ளே போனது இவன் ஒருத்தன். நாலு தடவை போனான். முதல் தடவை போகாதேன்னு பிடிச்சு இழுத்ததே நான்தான்."

நீதிபதி அங்கி காகிதக் கட்டை மறுபடி பிரித்தது.

"இதைப் பதிவு பண்ணினா உங்களுக்கு வர்ற பட்டை வராது. மெமோகூட வரலாம். புரியுதா?"

"புரியுதுங்க ஐயா."

"நீங்க ஏன் உள்ளே போகலை?"

பெரியநாயகம் தன் இரண்டு கைகளையும் ஒரு முறை பார்த்துக்கொண்டது. இருபத்தொன்பது வருஷத்தில் அது முதன்முறையாக 'நான்' என்று சொல்லிவிட்டது. இனி அதற்குப் பயம் இல்லை.

"நெருப்பு, ஐயா. நான் பருத்தி."

"மாசிலாமணி?"

"அவனும் பருத்திதான், ஐயா."