குடத்தில் விழுந்த கர்ச்சீப்

எங்கள் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குள் போதை மாத்திரை புகுந்ததிலிருந்து பிள்ளை பெற்ற யாருக்கும் நிம்மதியான தூக்கம் இல்லை ஐயா. யார் யாரிடமோ முறையிட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் தையல்காரி பிலோமினாதான் ஆள் சேர்த்தாள். ஆட்டோ ஓட்டும் ஜக்கரியாவும் நர்ஸ் குமுதவல்லியும் முதலில் வந்தார்கள்.

அவர்கள் கண்ட வழி ஒரு பிளாஸ்டிக் குடம். பழக்கத்தை விட நினைப்பவர்கள் கையிலிருக்கும் மாத்திரையை அதில் போட்டுவிட்டுப் போகலாம். குடம் வாரம் ஒருவர் வீட்டு வாசலில் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவரே கவிழ்த்து எடுத்துக் குமுதவல்லியிடம் ஒப்படைக்க வேண்டும். யார் முறை என்பது குடியிருப்புக்கே தெரியும். போட்டது யாரென்று தெரிந்தாலும் சொல்லக் கூடாது என்று, அவரவர் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வைத்தவளும் பிலோமினாதான்.

அவள் முறை வந்த ஞாயிறன்று காலையில், கல்யாணப் பிளவுஸ் அவசரம் என்று கூப்பிட்டார்கள். அவள் ஓடினாள், அவளுக்குப் பதில் ஜக்கரியா குடத்தைக் கவிழ்த்தார். வழக்கம்போல வெறும் மாத்திரைகளும் பேப்பர் பொட்டலங்களும் விழுந்தன. கூடவே ஒரு கர்ச்சீப் முடிச்சு. பூப்போட்ட பிளவுஸ் துண்டை மடித்து, ஓரத்தில் சிவப்பு நூல் ஓட்டியது. அப்படிப் பிலோமினா தன் மகன் ரூபனுக்கு மட்டும்தான் தைப்பாள். ஜக்கரியா முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார், உள்ளே மாத்திரைகள்.

மாத்திரைகளை வாங்க வந்த குமுதவல்லியும் அதைப் பார்த்துவிட்டாள். பெற்றவளுக்குத் தெரிந்தே ஆகவேண்டும், பையன் கைமீறுவதற்குள் சொல்லிவிடலாம் என்றாள். ஜக்கரியா அசையவில்லை. இன்றைக்கு ஒரு பெயர் வெளியே போனால் நாளைக்குக் குடத்துப் பக்கம் ஒருத்தனும் வரமாட்டான் என்றார். தன் மகள் தலையில் அடித்த சத்தியம் வேறு அவரைப் போட்டு அரித்தது.

அந்த நேரம் பார்த்துப் பிலோமினா திரும்பிவிட்டாள். அவர் கர்ச்சீப்பைச் சட்டைப்பைக்குள் திணித்தார்.

"என்னண்ணே, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? குடத்துல என்ன வந்துச்சு?"

குமுதவல்லிக்குச் சொல்லத் துடிக்கிறது. ஜக்கரியா சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொள்கிறார். பிலோமினா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். நீங்களே சொல்லுங்கள், இந்த இருவரில் யார் பக்கம் நியாயம்?

விடை: குமுதவல்லி பக்கம்தான், ஆனால் அவள் சொன்ன காரணத்தால் அல்ல. ஒளிய நினைப்பவன் வெறும் மாத்திரையைப் போட்டிருப்பான், அதுவும் வேறு யார் முறையிலாவது. அம்மா தைத்த கர்ச்சீப்பில் முடிந்து, அம்மா கவிழ்க்க வேண்டிய குடத்தில் ஏன் போடுகிறான்? வாயால் சொல்ல முடியாததைத்தான் ரூபன் அப்படிச் சொன்னான். மறைக்க நினைப்பவனைக் காப்பாற்றத்தான் அந்தச் சத்தியம். கர்ச்சீப் ஜக்கரியாவின் பையிலேயே கிடந்தால், அம்மா பார்த்துவிட்டும் தன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றுதான் அந்தப் பிள்ளை நினைப்பான்.