சாப்பாடு அடக்கம்

கிட்ட வந்து உட்காருங்க. இன்னும் கிட்ட. இது றெக்கை உள்ளவர்கள் கதை. தள்ளி உட்கார்ந்தால் பாதியிலேயே பறந்து போய்விடும்.

ஆவாரங்காட்டுக்கு நடுவில் ஓர் ஏரி. மாசி மாசம் முடியப் போகிறது. மழைக்காலத்தில் தூரதேசத்திலிருந்து வந்த விருந்தாளிப் பறவைகளெல்லாம் ஊர் திரும்ப றெக்கையைக் கோதிக்கொண்டிருந்தன. எந்த ஊர்? ஐரோப்பா!

அந்தப் பேரைக் கேட்டதிலிருந்து ஏரிக்கரையில் யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. எல்லாரையும்விடத் தவித்தவன் சடையன் என்கிற காடை. சடையன் உருண்டை. கம்பங்காட்டில் தின்று தின்று, மண்கலயத்துக்குக் கால் முளைத்த மாதிரி இருப்பான். பறந்தால் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்பு. அதற்கே மூச்சு வாங்கும். ஆசை மட்டும் மலை உயரம்.

"அக்கா, அங்க மலை மேல பனி கிடக்குதாம். மல்லிப்பூவைக் குவிச்சுக் கொட்டின மாதிரி! அதுல ஒரு தடவை புரளணும் அக்கா. மண்ணுல புரண்டு புரண்டே வயசு போச்சு."

அவன் அக்கா என்றது ஆள்காட்டி செங்கமலத்தை. ஆள்காட்டிக் குருவியைப் பார்த்திருப்பீர்கள். நெட்டைக் கால், மூக்குக்குப் பக்கத்தில் சிவப்புத் தோல். மேய்ச்சலில் நாய் வந்தாலும் நரி வந்தாலும் முதல் சத்தம் அவளுடையதுதான். காற்றடித்துச் சருகு புரண்டாலும் கத்துவாள். நாலு கேள்வி கேட்காமல் ஒரு புழுவைக்கூடத் தின்ன மாட்டாள் என்று ஏரியில் ஒரு பேச்சு உண்டு.

"போவோம்டா, நானும் வர்றேன்" என்றாள் செங்கமலம். "யாரோட போறதுன்னு முதல்ல பார்ப்போம்."

முதலில் செங்கால் நாரையைப் போய்க் கேட்டார்கள். அவள் ஒன்பது தடவை போய் வந்தவள். தண்ணீரில் ஒற்றைக் காலை ஊன்றியபடியே சொன்னாள்:

"ரெண்டே ரெண்டு நாடுதான் காட்டுவேன். போற வழிக்கே நாப்பது நாள். நடுவுல பாலைவனம் வரும், ரெண்டு நாள் சொட்டுத் தண்ணி கிடைக்காது. கருக்கல்லயே கிளம்பணும். 'இதோ வந்துட்டேன்'னு சொல்றவங்களுக்காக நிக்க மாட்டேன். சாப்பாடு அவரவர் பாடு."

பக்கத்தில் நின்ற தாழைக்கோழி மரகதத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது சுற்றுலாவா, தண்டனையா?" என்று முணுமுணுத்தாள்.

நாரை சடையனை மேலும் கீழும் பார்த்தாள்.

"தம்பி, நீ இந்த வருசம் வேண்டாம். உங்க காடைச் சொந்தக்காரங்க அங்க நிறைய இருக்காங்க. கடலையே தாண்டுவாங்க. உன்னாலயும் முடியும். ஆனா இந்தத் தொப்பையோட முடியாது. ஒரு வருசம் பறந்து பழகு. அடுத்த மாசியில நானே கூட்டிட்டுப் போறேன்."

கரையில் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. சடையன் தலையைத் தொங்கப் போட்டான். தொப்பையைச் சொன்னால் யாருக்குத்தான் பொறுக்கும்?

இதையெல்லாம் ஒருவன் தூரத்து மொட்டை மரத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான். பூனைப்பருந்து. அவனும் ஐரோப்பாவிலிருந்து வந்த விருந்தாளிதான். நாலு நாளாகப் பட்டினி. அவன் கீழே இறங்கினால் போதும், செங்கமலம் கத்துவாள், அத்தனை பேரும் புதருக்குள் ஓடிவிடுவார்கள்.

'ஓடுறவங்களை எதுக்குத் துரத்தணும்? தானா பின்னால வர்ற மாதிரி பண்ணிட்டா?' என்று நினைத்தான். நினைக்கும்போதே வாயில் எச்சில் ஊறியது.

அன்று மத்தியானமே ஏரிக்கரைப் பாறையில் வந்து உட்கார்ந்தான். செங்கமலம் வழக்கம்போலக் கத்தினாள். எல்லாரும் வழக்கம்போலப் புதருக்குள் ஓடினார்கள். பருந்து அசையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினான்.

"பருந்தார் பயணக் குழு! பன்னிரண்டே நாள், ஏழு நாடு!"

புதருக்குள்ளிருந்து ஒரு மூக்கு எட்டிப் பார்த்தது. அப்புறம் இன்னொரு மூக்கு.

"பாரிஸ் பட்டணத்துல ஒரு இரும்புக் கோபுரம் இருக்கு. பதினஞ்சு பனைமரத்தை ஒண்ணு மேல ஒண்ணு நிறுத்தின உயரம். அதோட உச்சியில உட்கார்ந்து ஊரையே பார்க்கலாம். வெனிஸ்னு ஒரு ஊரு. அங்க தெருவெல்லாம் தண்ணி."

"தெருவே தண்ணியா?" மரகதம் புதரை விட்டு வெளியே வந்துவிட்டாள். "அப்போ வீட்டு வாசல்லயே நீந்தலாமா?"

"நீந்தலாம், முங்கலாம், முட்டையும் வைக்கலாம்."

செங்கமலம் எட்டவே நின்று கேட்டாள்: "அண்ணே, உங்க பேருல முன்பாதி பூனை, பின்பாதி பருந்து. ரெண்டுமே எங்களுக்கு ஆகாதே?"

பருந்துக்குக் கோபம் வரவில்லை. சிரித்தான்.

"தங்கச்சி, அது வயித்துப்பாடு, இது தொழில். ஒண்ணு கேக்கறேன். மிட்டாய்க் கடைக்காரன் மிட்டாய் திம்பானா?"

பறவைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டன. திங்க மாட்டான்தான். திகட்டிப் போயிருக்குமே. சரியாகத்தானே சொல்கிறார்?

"கடைசியா ஒண்ணு சொல்லிடறேன்" என்றான் பருந்து. "சாப்பாடு அடக்கம்."

அவ்வளவுதான். நாரை சொன்ன 'அவரவர் பாடு' எல்லாருக்கும் காதில் கசந்துகொண்டிருந்த நேரம். 'சாப்பாடு அடக்கம்' தேன் மாதிரி இறங்கியது. முண்டியடித்துக்கொண்டு பேர் கொடுத்தார்கள்.

சடையன் கூட்டத்துக்குப் பின்னால் தயங்கித் தயங்கி நின்றான். "அண்ணே, எனக்குக் கொஞ்சம் தொப்பை..."

"தொப்பையா? எவன் சொன்னான்?" பருந்து அவனைக் கண்ணால் அளந்தான். "அது செழிப்பு தம்பி! உன்னை மாதிரி ஆளுக்குத்தான் முதல் வரிசை. முதல் நாள் மரியாதையே உனக்குத்தான்."

சடையன் குளிர்ந்து போனான். ஒரு வாரத்துக்குமுன் பொரித்த குஞ்சு மாதிரி குதித்தான்.

சாயங்காலத்துக்குள் பதினோரு பேர் சேர்ந்துவிட்டார்கள்.

"பன்னிரண்டு பேர் ஆனாத்தான் பயணம்" என்றான் பருந்து. "இன்னும் ஒரு ஆள் வேணும். காலையில கிளம்பிடலாம்."

செங்கமலம் தன் மேட்டுக்குப் போனாள். ஆள்காட்டி கூடு கட்டாது, தெரியுமில்லையா? வெறுந்தரையில் கூழாங்கற்களுக்கு நடுவில்தான் முட்டை வைக்கும். கல்லை உருட்டி அடுக்குவது அதற்குக் கைவந்த வேலை. செங்கமலம் நாளுக்கு ஒரு கல்லாகப் பன்னிரண்டு கல்லை வரிசையாக வைத்தாள். அதற்குக் கீழே ஆளுக்கு ஒரு கல்லாகப் பன்னிரண்டு. ஒரு நாளைக்கு ஓர் ஆள். அச்சாகப் பொருந்தியது.

'நாமளா ஏதாவது நினைச்சுக்கக் கூடாது. கேட்டுடுவோம்' என்று எழுந்து போனாள்.

"அண்ணே, பன்னிரண்டாவது ஆள் நான்தான். என் வீட்டுக்காரரையும் பதிமூணாவதாச் சேர்த்துக்கலாமா?"

"பதிமூணு வேண்டாம்" என்றான் பருந்து யோசிக்காமல். "மிச்சமாயிடும்."

செங்கமலம் திரும்பினாள். சோறு மிச்சமாகும். குழம்பு மிச்சமாகும். ஆள் மிச்சமாகுமா?

ஓட்டமாகப் போய்ச் சடையனிடம் சொன்னாள். கல் அடுக்கியதைச் சொன்னாள். பருந்து 'மிச்சமாயிடும்' என்றதைச் சொன்னாள். சடையனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"அந்த நாரை தொப்பையைச் சொல்லி விரட்டினா. ஒருத்தர் மரியாதையாக் கூப்பிடறார், அதையும் நீ கெடுக்கறியா? நீ எதுக்குத்தான் கத்தல? போன வாரம் தேங்காய் மட்டை விழுந்ததுக்கு அரை நாள் கத்தினியே அக்கா!"

மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள். செங்கமலம் யோசித்தாள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே. தேங்காய் மட்டைக்குக் கத்தினவள் இப்போது கத்தினால் யார் நம்புவார்கள்?

'சரி. நம்ம வாய் எடுபடாது. அவன் வாயாலயே வரவைப்போம்.'

விடிந்தது. பாறை முன்னால் பன்னிரண்டு பேரும் வரிசையாக நின்றார்கள். முதல் ஆள் சடையன். வழிக்கு வேண்டுமென்று கம்பை மூக்குமுட்டத் தின்றுவிட்டு வந்திருந்தான், இன்னும் உருண்டையாக. கடைசி ஆள் செங்கமலம். அவள் காலடியில் தாமரை இலையில் கட்டிய பெரிய பொட்டலம்.

"அது என்ன மூட்டை?" என்றான் பருந்து.

"சாப்பாடுண்ணே. கம்பு, வெட்டுக்கிளி, காய்ஞ்ச புழு. பன்னிரண்டு பேருக்கும் பன்னிரண்டு நாளைக்குக் காணும். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? அதனால அந்தச் சாப்பாடு அடக்கங்கறதை மட்டும் எடுத்துடுங்க."

பருந்துக்கு அது அஞ்சாவது நாள் பட்டினி. முதல் வரிசையில் சடையன் நிற்கிறான், ஒரு முழம் தூரத்தில். பருந்துக்குக் காது அடைத்தது, புத்தியும் அடைத்தது.

"அதெப்படி எடுக்கறது?" என்று பதறினான். "சாப்பாட்டை எடுத்துட்டா, பன்னிரண்டு நாளைக்கு நான் எதைத் திங்கறது?"

பன்னிரண்டு மூக்கும் ஒரே நேரத்தில் அவன் பக்கம் திரும்பின.

"சாப்பாடு எங்களுக்குன்னுல்ல சொன்னீங்க?" என்றாள் மரகதம்.

"உங்களுக்குன்னு எப்பச் சொன்னேன்? அடக்கம்னுதானே சொன்னேன்."

"எதுல அடக்கம்?" என்றாள் செங்கமலம்.

பருந்து வாயை மூடிக்கொண்டான். ஆனால் கண்ணை மூட முடியவில்லை. அது வரிசையின் முதல் ஆளிடமிருந்து கடைசி ஆள்வரை போய்விட்டு, திரும்பச் சடையன் மேலேயே வந்து நின்றது.

"அக்கா..." சடையன் ஓர் அடி பின்னால் வைத்தான். "முதல் நாள் மரியாதை எனக்குன்னாரே."

"டேய், பற!"

செங்கமலம் கத்தினாள். பிறந்ததிலிருந்து கத்திய கத்தலெல்லாம் அந்த ஒரு கத்தலுக்கு ஒத்திகை. பருந்து பாய்ந்தான். பத்துப் பேர் புதருக்குள் விழுந்தார்கள். சடையனுக்குப் புதர் எட்டவில்லை. முன்னால் இருந்தது ஏரி மட்டும்தான். பறந்தான். பின்னால் பருந்து. பருந்தின் கண்ணுக்கு முன்னால் செங்கமலம், இறக்கையால் அடித்துக்கொண்டு, நெட்டைக் காலால் உதைத்துக்கொண்டு, காதுக்குள்ளேயே கத்திக்கொண்டு. சடையன் பாதி ஏரி தாண்டினான். முக்கால் ஏரி தாண்டினான். பருந்தின் நகம் அவன் வாலில் ஓர் இறகைப் பிடுங்கியது.

அக்கரையில் நாரை தன் நீண்ட அலகை ஈட்டி மாதிரி நீட்டியபடி நின்றாள். பருந்து அதைப் பார்த்தான், செங்கமலத்தைப் பார்த்தான், வந்த வழியே திரும்பினான். அன்றைக்கே அந்த ஏரியை விட்டுப் போய்விட்டான்.

சடையன் நாரையின் காலடியில் தொப்பென்று விழுந்தான். தொப்பை ஏறி இறங்கியது.

"பரவாயில்லையே" என்றாள் நாரை. "ஒரே மூச்சுல ஒரு ஏரி! பாலைவனம் இதுபோல இன்னும் எத்தனையோ ஏரி. பழகு."

சடையன் பழகினான். பங்குனியில் ஏரியை ஒரு சுற்று. ஆடியில் பத்துச் சுற்று. காற்று எதிர்த்தடிக்கும் நாளிலும் செங்கமலம் பின்னாலேயே பறந்து கத்துவாள், "இதுக்கே மூச்சா? இன்னும் பாலைவனமே வரலடா!" ஐப்பசி மழைக்குள் மண்கலயம் சின்னக் கிண்ணமாகிவிட்டது. மரகதம் மட்டும் வரவில்லை என்றாள். அந்த வருசம் மழை பெய்த வேகத்தில் அவள் வீட்டுத் தெருவே தண்ணீராகிவிட்டது. இனி வெனிஸ் எதற்கு?

மறுபடி மாசி வந்தது. கருக்கலில் எல்லாரும் கரையில் கூடிவிட்டார்கள். சடையனுக்கு நிற்க முடியவில்லை, ஒரு காலில் குதிக்கிறான், மறு காலில் குதிக்கிறான். "கிளம்பலாமா பெரியம்மா? கிளம்பலாமா?" என்று நாரையை நச்சரிக்கிறான்.

"ஒரு நிமிசம்" என்றாள் செங்கமலம். "பெரியம்மா, போன வருசம் உங்களோட எத்தனை பேர் போனாங்க? எத்தனை பேர் திரும்பினாங்க?"

சடையன் தலையில் அடித்துக்கொண்டான். நாரை கோபித்துக்கொள்ளவில்லை.

"பதினோரு பேர் போனோம். பத்துப் பேர் வந்தோம்."

"அந்த ஒண்ணு?"

"ஒரு உள்ளான் குருவி. அங்கேயே கல்யாணம் முடிச்சுத் தங்கிட்டான். நம்பலைன்னா அவன் தம்பிக்காரனைக் கேளு. அந்தா, சேத்துல மேயறான்."

இனிக்க இனிக்கக் கூப்பிடுகிறவனை நம்பிப் போகாமல், வழியில் உள்ள கஷ்டத்தை முன்னாலேயே சொல்கிறவனோடு போகிறவன்தான் போன ஊரையும் பார்ப்பான், சொந்த ஊருக்கும் திரும்புவான்.

அப்படியும் செங்கமலம் விடவில்லை. சேற்றில் இறங்கி, மேய்ந்துகொண்டிருந்த தம்பிக்காரனிடம் போய், "உங்க அண்ணி பேரு என்ன?" என்று கேட்டுவிட்டு வந்துதான் றெக்கையை விரித்தாள்.