அரை முகச் சட்டம்

செம்பூர் மன்னர் மகுடவர்மருக்கு மீசை முதலில், ராஜ்யம் அடுத்தபடி.

ஒரு நாள் காலை நாவிதன் மருதப்பன் அவருடைய மூன்று மாத விரதத் தாடியை மழித்துக்கொண்டிருந்தான். இடக் கன்னம் முடிந்தது. அப்போது அவனுக்குத் தும்மல் வந்தது. கத்தி, மீசையின் நுனியில் ஓர் அரிசியளவு எடுத்துவிட்டது.

"ஆயிரம் பணம் அபராதம்" என்றார் மன்னர்.

"என்னிடம் ஒரு கத்தியும் ஆறு பிள்ளைகளும்தான் மகாராஜா."

"அப்படியானால் ஒரு பணத்துக்கு ஒரு நாள் சிறை. ஆயிரம் நாள்."

"கடைசிப் பிள்ளை நேற்றுதான் பிறந்தது. இன்னும் பெயர் வைக்கவில்லை. நான் வெளியே வரும்போது யார் இந்த ஆள் என்று அது கேட்கும்."

பக்கத்தில் நின்ற அமைச்சர் பூவராகர் தொண்டையைச் செருமினார். "இதற்கு உச்சவரம்பு ஏதும் உண்டா, மகாராஜா?"

"கிடையாது."

"மன்னிப்பு?"

"அபராதத்துக்கு மன்னிப்பில்லை. சட்டம் என்னையும் கட்டும்."

"அதைத்தான் உறுதிசெய்துகொண்டேன்" என்றார் பூவராகர். மருதப்பனைக் கொண்டுபோனார்கள். சிறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, "வலக் கன்னத்தில் நுரை காய்கிறது, மகாராஜா" என்றார்.

மன்னர் தடவிப் பார்த்தார். "வேறு ஆளைக் கூப்பிடு."

"மருதப்பன் கைக் கத்தியைத் தவிர வேறு யார் கத்தியும் கழுத்தருகே வராது என்று பட்டமேற்றபோது சத்தியம் செய்தீர்களே. உங்கள் தாத்தா சவரக் கத்தியில் போன விதத்தை நினைத்து."

"அவனையே காவலோடு அழைத்து வா. முடித்துவிட்டுப் போகட்டும்."

"கைதி கையில் இரும்பு கூடாது. உங்கள் சட்டம்தான்."

தானே மழித்துக்கொள்ள வழியில்லை. மன்னர் ஒரு மாம்பழம்கூடத் தானே நறுக்கியதில்லை.

"காத்திருக்கிறேன்" என்றார்.

"ஆயிரம் நாள்" என்றார் பூவராகர் பணிவாக.

மூன்றாம் நாள் சிங்காசனத்தைச் சுவரோரம் திருப்பிப் போட்டார்கள். நாணயத்தில் இருப்பதுபோல் மன்னர் பக்கவாட்டில் அமர்ந்து நீதி வழங்கினார். வழக்காட வந்தவர்கள் எல்லாரும் இடப்பக்கமே நின்றார்கள். ஐந்தாம் நாள் பட்டத்து யானை வலப்பக்கமாக வந்து பார்த்துவிட்டு மண்டியிட மறுத்தது. ஏழாம் நாள் பக்கத்து நாட்டுத் தூதர் வந்தார். இடப்பக்கம் நின்று வணங்கினார். சுவரோரம் வலப்பக்கம் எட்டிப் பார்த்து, "தங்கள் அண்ணாவா?" என்று விசாரித்தார். அன்றிரவு ராணி சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்துப் படுத்தாள்.

பத்தாம் நாள் காலை மன்னர் வலக் கன்னத்தைச் சொறிந்துகொண்டே பூவராகரைக் கூப்பிட்டார்.

"ஏதாவது செய்."

"மன்னிக்க வழியில்லை, மகாராஜா. வேண்டுமானால் உச்சவரம்பு விதிக்கலாம். அபராதம் எவ்வளவானாலும் இத்தனை நாளுக்குமேல் சிறை இல்லை என்று. ஊருக்கே பொது."

"எத்தனை நாள் வைக்கலாம்?"

"ஒரு மனிதன் எத்தனை நாள் தாங்குவான் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?"

மன்னர் யோசித்தார். "இன்றோடு எத்தனை நாள்?"

"பத்து."

"அப்படியானால் ஒன்பது என்று எழுது."

எழுதினார்கள். முத்திரை காய்வதற்குள் மருதப்பன் கத்தியோடு வந்து நின்றான். பூவராகர் ஓலையைப் படித்துக் காட்டினார். "இவன் சட்டத்துக்குமேல் ஒரு நாள் உள்ளே இருந்திருக்கிறான், மகாராஜா. நீங்கள் ஒரு பணம் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு நாள் உள்ளே."

மன்னர் இடுப்பைத் தடவினார். மன்னர்கள் பணம் வைத்துக்கொள்வதில்லை. கழுத்து மாலையைக் கழற்றி, "பெயரில்லாத பிள்ளைக்கு" என்று மருதப்பன் மடியில் போட்டார்.

நுரை பூசியாயிற்று. கத்தி வலக் கன்னத்தில் ஏறியது. மன்னருக்குத் தூதர் முகம் நினைவுக்கு வந்தது, யானை வந்தது, சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கத் தொடங்கியது.

"அசையாதீர்கள், மகாராஜா" என்றான் மருதப்பன். "நீங்கள் சிரித்தால் எனக்கு ஒன்பது நாள்."