தரணியின் மேசை

பொன்னுரங்கம் மரவேலை கற்கப் போனபோது அவருக்கு அறுபது வயது தாண்டியிருந்தது. சொல்லிக்கொடுத்த தமயந்திக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

அவருடைய ஒரே மகன் தரணியும் வடவள்ளியில் தமயந்தியிடம்தான் கற்றான். லீவு நாட்களில் வேலை செய்ய வீட்டுக்குப் பின்னால் ஒரு தகர ஷெட் போட்டுக்கொண்டான். போன ஆடியில் லாரி மோதி இறந்துபோனான். காரியங்கள் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, பொன்னுரங்கம் தமயந்தியின் வாசலில் வந்து நின்றார்.

"எனக்கும் சொல்லிக்குடுங்க டீச்சர். அவன் மெஷினெல்லாம் சும்மா கெடக்குதுங்க."

தமயந்தி யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"தரணி தூசிக்கு எந்த ஏற்பாடும் பண்ணலை. சொல்லிச் சொல்லிப் பார்த்தேன், கேக்கலை. நீங்க முதல்ல காத்தைச் சரி பண்ணுங்க ஐயா. மரத்தை அப்புறம் தொடலாம்."

மின்வாரியத்தில் காலமெல்லாம் கம்பி இழுத்தவர் பொன்னுரங்கம். சொன்னதைச் சொன்னபடி செய்தார். தூசியை உறிஞ்சும் டஸ்ட் கலெக்டர் மெஷின் வாங்கி ஷெட்டின் ஒரு மூலையில் நிறுத்தினார். வளைவு கூடினால் இழுவை குறையும் என்று தமயந்தி சொல்லியிருந்ததால் குழாயைச் சுவரோடு நேராகக் கொண்டுபோனார். மெஷினுக்கு ஒரு கிளைக் குழாய், ஒவ்வொரு கிளைக்கும் திறந்து மூட ஒரு அடைப்பு. எந்த மெஷின் ஓடுகிறதோ அதன் அடைப்பை மட்டும் திறப்பார். கனமான சீவல்கள் டிரம்மில் விழுந்தன. பொடி ஃபில்டரில் தங்கியது. டிரம் நிறையும் முன்பே காலி செய்துவிடுவார்.

அதன் பிறகுதான் தமயந்தி அவர் கையில் ரம்பத்தைக் கொடுத்தாள்.

தை பிறந்திருந்தது. ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகும் பொன்னுரங்கம் கிளம்பவில்லை.

"என்னங்க ஐயா?"

"நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேனுங்க. ஆனாலும் தூசி அடங்க மாட்டேங்குது. என் வீட்டுக்காரி சுலோச்சனாவுக்கு மூச்சு வாங்குது. படுத்தா இருமல். டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேன். வீட்டுல யாராச்சும் மரம் அறுக்கறீங்களான்னு கேட்டாரு."

"அம்மா என்ன சொன்னாங்க?"

"இல்லைன்னுட்டா."

"ஏன்?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஷெட்டைப் பூட்டச் சொல்லிருவாருன்னு பயந்துட்டா. நான் வேலை முடிச்சு உள்ள போனா என் சட்டையை வாங்கி மூஞ்சியில வச்சுக்குவா டீச்சர். அவன் வாசம் அடிக்குதும்பா."

தமயந்தி எழுந்தாள். வண்டிச் சாவியை எடுத்தாள்.

ஷெட்டுக்குள் போனதும் கலெக்டரை ஓடவிட்டாள். ஒவ்வொரு குழாய் வாயிலும் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துப் பார்த்தாள். காகிதம் விரலிலிருந்து பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. இணைப்புகளைத் தடவினாள். எங்கும் காற்று கசியவில்லை. ஃபில்டரைத் தட்டிப் பார்த்தாள். அதுவும் சரியாகவே இருந்தது.

"வேலை சுத்தமா இருக்கு ஐயா."

"அப்புறம் ஏனுங்க?"

தமயந்தி திரும்பினாள். வடக்குச் சுவர் ஓரமாக ஒரு மேசை இருந்தது. அங்கே மட்டும் குழாய் போகவில்லை. மேசைமேல் பாதி இழைத்த பலகை ஒன்று. பக்கத்தில் உளி, பென்சில், கழற்றி வைத்த ஒரு கைக்கடிகாரம். எல்லாவற்றின் மேலும் தூள் கனமாகப் படிந்திருந்தது. மேலே இருந்த அலமாரியிலும் அப்படியே.

"அது தரணி மேசைங்க. அதை நான் தொடலை. யாரையும் தொடவிடலை."

அவர் அருகே போய், தொடாமல், ஓர் இடத்தைக் காட்டினார். தூளில் ஓர் உள்ளங்கை பதிந்த தடம். ஐந்து விரலும் தெரிந்தன.

"கடைசியா எந்திரிக்கறப்ப ஊனியிருக்கான். முதல்ல ரேகைகூடத் தெரிஞ்சுது டீச்சர். இப்ப வரவர மங்குது."

"எதனால மங்குது?"



தமயந்தி கதவையும் ஜன்னலையும் சாத்தினாள். டார்ச் விளக்கை மேசையின் குறுக்கே அடித்தாள். கலெக்டர் உறிஞ்சி வடிகட்டி வெளியே விட்ட காற்று அந்தப் பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது. மேசையிலிருந்தும் அலமாரியிலிருந்தும் மெல்லிய புகைபோல ஒன்று எழுந்தது. வெளிச்சத்தில் மட்டும் அது தெரிந்தது. கொஞ்சம் மீண்டும் மேசையிலேயே, அந்தக் கைத்தடத்தின் மேல் படிந்தது. மற்றது மிதந்து, வீட்டுப் பக்கம் இருந்த கதவின் இடுக்கை நோக்கிப் போனது.

"இதுல எது தரணி அறுத்தது, எது நீங்க அறுத்தது?"

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார்.

"தெரியலீங்க."

அப்போது கதவு திறந்தது. சுலோச்சனா இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்தாள். உள்ளே கால் வைத்ததுமே இருமல் வந்துவிட்டது. டீ தளும்பித் தரையில் சிந்தியது. தமயந்தி ஓடிப்போய் டம்ளர்களை வாங்கிக்கொண்டாள். சுலோச்சனா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஒண்ணுமில்லீங்க டீச்சர், வேலையைப் பாருங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். ஆனால் வீடுவரை போக முடியவில்லை. துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

தமயந்தி கலெக்டரை நிறுத்தினாள். சத்தம் அடங்கியது. மூலையில் தொங்கிய துணியை எடுத்து நனைத்துப் பிழிந்தாள். அதைப் பொன்னுரங்கத்திடம் நீட்டினாள்.

அவர் வாங்கவில்லை.

"தொடைக்கச் சொல்றீங்களா?"

"துடைப்பம் போட்டா கிளம்பும். ஈரத்துணிதான் சரி."

"டீச்சர்." அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அவன் விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதானுங்க."

"இது அவன் வேண்டாம்னு அறுத்துத் தள்ளுனது ஐயா."

பொன்னுரங்கம் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு, தூளிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"அப்ப அவன் விட்டுட்டுப் போனது எதுங்க?"

தமயந்தி துணியை அவர் கையில் வைத்தாள்.

"வெளிய உக்காந்து இருமிட்டிருக்காங்க."