தலைவர் வீட்டு மாடியில் காக்கைக் கூட்டம்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், கடலோரமாக ஒரு நாட்டை மகுடவர்மன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான், ஆனால் யார் உரக்கக் கத்தினாலும் அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார்.

கத்துவதற்கென்றே பிறந்தவன் அக்கினிமுத்து. தடியர்களைச் சேர்த்துத் ‘தூய்மைப் படை’ என்று பெயர் வைத்துக்கொண்டு, “கருவாடு தின்கிறவன் நாட்டுக்கே தீட்டு!” என்று தெருத்தெருவாக முழங்கினான். வீடு புகுந்து பானைகளை உடைத்தான். கருவாட்டைக் கூடை கூடையாகப் பிடுங்கி, “குழிதோண்டிப் புதைக்கிறோம்” என்று கொண்டுபோனான். குழி எங்கே என்று ஒருவரும் பார்த்ததில்லை. ராஜாவே பயந்துபோய், உயிருக்குயிரான கருவாட்டுக் குழம்பை விட்டுவிட்டார் என்றால் பாருங்களேன்!

ஒருநாள் காலை அவன் சபைக்கே வந்து நின்றான். “மீனவர் குப்பத்தைக் காலி செய்ய உத்தரவு போடுங்கள், மகாராஜா. இல்லாவிட்டால் என் படை அரண்மனை வாசலிலேயே உட்காரும்.”

குப்பத்துக் கன்னியம்மா இடுப்புக் குழந்தையோடு ஓடிவந்தாள். “மழைக்காலத்தில் பிள்ளைகுட்டியோடு எங்கே போவோம், சாமி?”

ராஜா முத்திரை மோதிரத்தைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டார்.

“இப்போது ராகுகாலம், மகாராஜா. கழியட்டும்” என்றார் மந்திரி குழந்தைவேலர். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பினார். “அடடா, அடைமழை விட்டு வெயில் சுள்ளென்று அடிக்கிறதே! தலைவரே, நல்லவேளை எல்லாவற்றையும் புதைத்தீர்கள். இந்த ஈரத்துக்குக் கருவாட்டில் புழு வைத்திருக்கும். இன்றைக்காவது வெயிலில் காட்டாவிட்டால் அத்தனையும் குப்பைதான்.”

அக்கினிமுத்துவுக்கு முகம் வெளிறியது. தன் அடியாள் ஒருவனின் காதில் ஏதோ கிசுகிசுத்தான். அந்த அடியாள் பிடித்தான் ஓட்டம்!

ராகுகாலம் கழிந்தது. “காலி செய்யவேண்டிய இடத்தை மாடத்திலிருந்து பார்த்துவிடலாம்” என்று மந்திரி எல்லோரையும் மேலே அழைத்துப்போனார். பார்த்தால், ஊர்க் காக்கை முழுக்க ஒரே வீட்டின் மேல்!

“அது யார் வீடு?” என்றார் ராஜா.

“என்... என் வீடுதான். காக்கைகூட என் உபதேசம் கேட்க வரும், மகாராஜா.”

“நீர் இங்கே இருக்கும்போது அங்கே யார் உபதேசிக்கிறார்கள்?” என்றார் மந்திரி. “வாருங்கள், நாமும் போய்க் கேட்போம்.”

போனால், மொட்டைமாடி முழுக்கப் பாய். பாய் முழுக்கக் கருவாடு. தூய்மைப் படை தடியைச் சுழற்றிக் காக்கை விரட்டுகிறது. வந்தவர்களைக் கவனிக்காமல் அக்கினிமுத்துவின் மனைவி அதட்டிக்கொண்டிருந்தாள்: “வஞ்சிரத்தைப் புரட்டிப் போடுங்கடா! சாயங்காலம் பக்கத்து நாட்டு வியாபாரி வண்டியோடு வருவான். நெத்திலி மட்டும் நமக்கு!”

அன்றுதான் ராஜா முதல்முறையாக உரக்கக் கத்தினார். “நான் நாக்கைக் கட்டிக்கொண்டு கிடக்கிறேன், உனக்கு நெத்திலியாடா?”

கூடவே வந்த ஊர் சிரித்த சிரிப்பில், படைக்காரர்கள் தடியைப் போட்டுவிட்டு நழுவினார்கள்.

கருவாடெல்லாம் குப்பத்துக்கே போனது. கழற்றிய மோதிரத்தை ராஜா மந்திரி விரலில் மாட்டினார். அக்கினிமுத்துவுக்கு அதே தடி. வேலை மட்டும் குப்பத்துக் கருவாட்டுக்குக் காவல்.

“ஏம்மா, இன்றைக்குக் குழம்பு உண்டா?” என்று கன்னியம்மாவை மெல்லக் கேட்டார் ராஜா.

“வைக்கிறேன் சாமி” என்றவள் திரும்பி ஒரு சத்தம் போட்டாள்: “ஏ அக்கினி, என்ன வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே? ராஜா வீட்டு நெத்திலியிலே காக்கா உட்காருது பாரு!”